மேடைக்குச் சுமந்து செல்லும் கீபோர்டு: கேள்வி பதில்

கேள்வி: நிகழ்ச்சிகளுக்குத் தனியாகவே பயணம் செய்கிறேன். 88 கீ வேண்டுமா, 61 கீ போதுமா?

பதில்: நீங்கள் மேடையில் என்ன வாசிக்கிறீர்கள் என்பதே இதை முடிவு செய்யும். பியானோ மட்டுமே ஒலிக்கும் தனி நிகழ்ச்சி என்றால் 88 கீயும், நிஜப் பியானோபோல் விரலுக்குக் கனம் தரும் ஹாமர் ஆக்ஷனும் வேண்டும். பேஸ் கிட்டார் உள்ள குழுவில் வாசிப்பவருக்கோ இடது ஓரத்துக் கீகளில் பெரும்பாலும் வேலை இருக்காது. இருந்தால் பேஸ் கிட்டாரோடு மோதித்தான் ஒலிக்கும். அவருக்கு 61 அல்லது 73 போதும். எடை எங்கிருந்து வருகிறது என்பதையும் கவனியுங்கள். ரோலண்ட் ஜூனோ டிஎஸ் வரிசையில் 61 கீ உள்ளது சுமார் 5 கிலோ, 88 கீ உள்ளது சுமார் 16 கிலோ. கூடுதலாக உள்ள 27 கீகள் மட்டும் இவ்வளவு எடை தருவதில்லை. பெரிய கருவியில் இருக்கும் ஹாமர் பொறியமைப்புதான் அதன் பெரும்பகுதி. வாங்கும் முன் கருவியை உறையில் போட்டு, ஸ்டாண்டு, பெடல், அடாப்டர் ஆகியவற்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறிப் பாருங்கள்.

கேள்வி: அடாப்டரை மறந்துவிட்டால், முனை பொருந்தும் வேறொன்றைப் போடலாமா?

பதில்: முனை பொருந்துகிறது என்பதற்காக மட்டும் ஒருபோதும் போடாதீர்கள். வோல்ட் அளவு சரியாக ஒத்திருக்க வேண்டும். நடு முனை பாசிட்டிவா நெகட்டிவா என்பதும் ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் மட்டும் கருவி கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 9 வோல்ட், நடு நெகட்டிவ் என்று அமைந்த கருவிகளும் உண்டு. 12 வோல்ட், நடு பாசிட்டிவ் என்று அமைந்தவையும் உண்டு. இரண்டின் முனையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒலிச் சோதனைக்கு நேரமாகிவிட்ட ஒரு மாலையில் பக்கத்துக் கலைஞரின் அடாப்டரை வாங்கிச் செருகினேன். திரை ஒரு கணம் ஒளிர்ந்து அணைந்தது. பின்புறத்திலிருந்து கருகல் வாடை வந்தது. அன்றைய நிகழ்ச்சி முழுவதையும் எனக்குப் பழக்கமில்லாத இரவல் கருவியில், தேவையான ஒலி எந்த எண்ணில் இருக்கிறது என்று தேடித் தேடி வாசித்தேன். இப்போது என் ஒவ்வொரு அடாப்டரின் ஒயரிலும் வெள்ளை டேப் சுற்றி, கருவியின் பெயர், வோல்ட், நடு முனையின் குறி மூன்றையும் எழுதியிருக்கிறேன். உறையின் பக்கப் பையில் இன்னொரு அடாப்டர் எப்போதும் இருக்கும். அதை நான் வெளியே எடுப்பதே இல்லை.

கேள்வி: எந்த நிறுவனத்தின் கீபோர்டு சிறந்தது?

பதில்: நீங்கள் வாசிக்கும் இசையும் சுமக்கக்கூடிய எடையும் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல இயலாது.

கேள்வி: ஹெட்போனில் நிறைவாகக் கேட்கும் என் பியானோ ஒலி மேடையில் மெலிந்துவிடுகிறது. ஸ்பீக்கரின் குறையா?

பதில்: ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன், ஒலிகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்சரில் உங்கள் கீபோர்டு எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கீபோர்டில் உள்ள பியானோ ஒலிகளில் பெரும்பாலானவை வெவ்வேறு இடங்களில் வைத்த இரண்டு மைக்குகளால் பதிவானவை. ஒரே சுரம் ஒரு மைக்கைச் சற்று முன்பாகவும் மற்றதைச் சற்றுப் பின்பாகவும் அடைந்திருக்கும். ஹெட்போனில் இடம் வலமாகப் பிரிந்து கேட்கும்போது அந்த வேறுபாடே அகலமாகவும் அழகாகவும் தோன்றுகிறது. இரண்டையும் ஒரே மோனோ ஒலியாகக் கலக்கும்போதோ சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. நடு ஆக்டேவ் உள்ளீடற்றதுபோல் ஒலிக்கிறது. இடது ஜாக்கில் மட்டும் ஒயரைச் செருகினாலும் பல கீபோர்டுகள் இரண்டு பக்கத்தையும் உள்ளுக்குள்ளேயே கலந்துதான் அனுப்புகின்றன. ஆகவே கருவியில் மோனோ பியானோ என்று தனியாக ஓர் ஒலி இருந்தால் மேடைக்கு அதையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் வலது ஜாக்கில் எதனோடும் இணையாத ஒரு பிளக்கைச் செருகிவையுங்கள்; இடப்பக்க ஒலி மட்டும் கலப்பில்லாமல் வெளியே போகும்.

கேள்வி: மேலே சொன்னதை நான் ஏற்கவில்லை. மோனோவில் வாசிப்பது பாதிக் கருவியை வீட்டில் விட்டுவிட்டு வருவதற்குச் சமம். எலெக்ட்ரிக் பியானோவின் அசைவே போய்விடுமே.

பதில்: எலெக்ட்ரிக் பியானோ பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ரோட்ஸ் என்ற பழைய எலெக்ட்ரிக் பியானோவின் சூட்கேஸ் மாடலில் வைப்ரேட்டோ என்று எழுதியிருந்ததே ஒலியை இடமும் வலமுமாக ஆட்டுவதுதான். அதை மோனோவாகக் கலந்தால் ஆட்டம் பெரும்பாலும் மறைந்துவிடும். அந்த ஒலிக்கு மட்டும், ஒலியளவை ஏற்றி இறக்கும் ட்ரெமோலோவை வைத்துக்கொள்ளுங்கள்; அது மோனோவிலும் கேட்கும். ஆனால் அரங்கின் இடது ஓரத்தில் அமர்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு அருகில் உள்ள ஸ்பீக்கர்தான் பெரிதாகக் கேட்கும். நீங்கள் அனுப்பும் அகலம் அவரைச் சென்று சேர்வதில்லை. என் சொல்லை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். மிக்சரில் இடது, வலது இரண்டையும் நடுவுக்குத் திருப்பி, நடு சி-யிலிருந்து ஒவ்வொரு கீயாக மேலே வாசித்துக்கொண்டே போங்கள். சில சுரங்கள் திடீரென்று அமுங்கும். அப்போது வலது சேனலை மூடுங்கள். அளவு குறைந்தும் ஒலி கெட்டிப்பட்டால், அழிவு கலப்பில்தான் நடக்கிறது.

கேள்வி: சோதித்தேன், இரண்டு சுரங்கள் அமுங்கியது உண்மைதான். ஆனாலும் எங்கள் ஒலிப்பதிவாளர் எப்போதும் இரண்டு சேனல் தருகிறார். நான் ஏன் மாற வேண்டும்?

பதில்: உங்கள் கருவியை அறிந்த ஒருவர் கூடவே பயணம் செய்தால் நீங்கள் மாற வேண்டியதில்லை. ஒவ்வொரு மாலையும் வேறொரு மிக்சரைச் சந்திப்பவர்களுக்காகவே எழுதினேன். அங்கே இரண்டு சேனல் கிடைக்கும் என்று முன்கூட்டியே நம்ப முடியாது.

கேள்வி: டி.ஐ. பாக்ஸ் அவசியமா?

பதில்: அவசியம். கீபோர்டிலிருந்து வரும் சாதாரண ஒயர் நீளமாக இருந்தால் வழியில் இரைச்சலை வாங்கிக்கொள்ளும், கீபோர்டுக்கும் மிக்சர் ஒயருக்கும் இடையில் வைக்கும் சிறு பெட்டியான டி.ஐ. பாக்ஸ் அதைத் தடுக்கும். 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டால் அதிலுள்ள, ஒலி ஒயரின் கிரவுண்ட் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கள். உறுமலை நிறுத்துவதற்காகப் பவர் பிளக்கின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் எடுத்துவிடாதீர்கள். அது உயிரைக் காக்கும் இணைப்பு.

கேள்வி: சஸ்டெயின் பெடல் தலைகீழாக வேலை செய்கிறது.

பதில்: பெடலில் கால் வைக்காமல் கருவியை அணைத்து மீண்டும் இயக்குங்கள்.

கேள்வி: விமானத்தில் கொண்டுபோக முடியுமா?

பதில்: பல விமான நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்டிமீட்டர், எடை 23 கிலோ என்று வரம்பு வைக்கின்றன. 88 கீயின் நீளமே சுமார் 130 சென்டிமீட்டர் என்பதால் அகலமும் உயரமும் சேரும்போது அது வரம்பைத் தாண்டிவிடும். துணி உறையில் சரக்கறைக்கு அனுப்பாதீர்கள்; கெட்டியான பெட்டி வேண்டும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்; 100 வாட் மணிக்கு மேல் 160 வாட் மணி வரை உள்ளதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. அடாப்டரும் கைப்பையில் வரட்டும்.

கேள்வி: லேப்டாப் சார்ஜரின் முனை என் கீபோர்டில் பொருந்துகிறது. பயன்படுத்தலாமா?

பதில்: இரண்டாம் கேள்விக்கான பதிலைத் தயவுசெய்து முழுமையாகப் படியுங்கள். கூடாது.

கேள்வி: இன்று வலது ஜாக்கில் வெறும் பிளக்கைச் செருகி வாசித்தேன். நடு ஆக்டேவ் திரும்பி வந்தது, ஆனால் மேல் சுரங்கள் சற்று மங்குகின்றன.

பதில்: பல ஒலிகளில் இடப்பக்கம் தாழ்ந்த சுரங்களைச் சார்ந்திருக்கும். பிளக்கை வலதிலிருந்து இடதுக்கு மாற்றி, வலது ஜாக்கிலிருந்து ஒலியை எடுத்துப் பாருங்கள். எது சமமாக ஒலிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். தேவையானால் மேல் பகுதியை ஈக்யூவில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) சிறிது உயர்த்தி, மேடைக்கு என்று தனிப் பெயரில் சேமித்து, ஒரு யுஎஸ்பி டிரைவிலும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.