ஏற்காட்டுக் குளிரில் ஆமைப் பெட்டி: எத்தனை வாட், எப்படி மாட்டுவது?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வீடு மாறுகிறீர்கள். ஓடு 15 செ.மீ. உள்ள சல்கேட்டா (ஆப்பிரிக்க நில ஆமை), இதுவரை பிளாஸ்டிக் டப்பும் மொட்டைமாடி வெயிலுமாக ஓடிவிட்டது. மேலே போனால் எத்தனை வாட் பல்பு போடுவது என்பது உங்கள் கேள்வி. பல்பைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் டப்பைத் தூக்கி ஓரமாக வையுங்கள்.

சேலம் சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். மார்கழி, தை இரவுகளில் வெளியே 12, 13 டிகிரி வரை இறங்கும். மழைக்காலத்தில் நாள் முழுக்க மூடுபனி. திறந்த டப்புக்கு மேல் பல்பைத் தொங்கவிட்டால் சூடு கூரைக்குப் போய்விடும், ஈரக்குளிர் ஆமையோடு தங்கிவிடும். போதவில்லை என்று 60 வாட் 100 ஆகும், கடைசியில் கோழிக்குஞ்சு புரூடருக்குப் போடும் 250 வாட் சிவப்பு பல்பு வரும். சூடு அதிகமானால் குஞ்சு விலகி ஓடும். ஆமை ஓடாது. காலும் கழுத்தும் இன்னும் குளிர்ந்திருப்பதால் அங்கேயே கிடக்கும். பல்புக்கு அருகில் இருக்கும் ஓட்டின் உச்சி அதற்குள் வெந்துவிடும்.

ஆகவே மூடிய பெட்டி. 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம், 12 மி.மீ. பிளைவுட், மூடியும் பிளைவுட்டே. முன்பக்கத்தில் பாதி மட்டும் கண்ணாடிக் கதவு. பக்கச் சுவர்களில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அங்குலக் காற்றுத்துளை. வெளிப்புறம் எல்லாப் பக்கமும், அடியிலும், ஓரங்குல தெர்மோகோல். உள்ளே தெர்மோகோல் கூடவே கூடாது: ஆமை கடித்துத் தின்னும், ஹீட்டர் பக்கம் போனால் உருகிப் பற்றும். இப்படிச் செய்த பெட்டிக்கு இரவில் 120 வாட் போதும்.

அந்த 120 வாட்டை 60 வாட் செராமிக் ஹீட்டர் பல்பு இரண்டாக வாங்குங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று விடியும்வரை தாங்கும். இதில் வெளிச்சம் வராது, அதனால் தூக்கம் கெடாது. சூட்டைப் பார்த்து ஹீட்டரைத் தானாகப் போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட்டில் 26 டிகிரி வையுங்கள். நாமக்கல் பக்கம் முட்டை இன்குபேட்டருக்கு விற்கும் ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட்டே செராமிக் ஹீட்டருக்குப் போதும்.

ஹோல்டர் சரியில்லை என்றால் தீப்பிடிக்கும். நம் வீட்டு ஹோல்டர் பின் வகை. செராமிக் ஹீட்டர் திருகு வகை. இரண்டையும் சேர்க்க ஒரு சின்ன வெள்ளை பிளாஸ்டிக் அடாப்டர் மலிவாகக் கிடைக்கும். எல்இடி பல்புக்கு அது சரி. ஹீட்டருக்குப் போட்டால் நாளடைவில் பழுப்பாகி, விரிந்து, பல்போடு கீழே விழும். பேக்லைட் ஹோல்டரும் வேண்டாம். திருகு வகையான ஈ27 பீங்கான் ஹோல்டர் வாங்கி, 6 மி.மீ. சிமென்ட் போர்டுத் துண்டில் திருகி, அந்தத் துண்டைப் பெட்டியின் கூரையில் முடுக்குங்கள். ஃபேஸ் நடுப் பொட்டுக்கு, நியூட்ரல் திருகு மரைக்கு. சாதாரண பிவிசி ஒயர் 70 டிகிரிக்கு மேல் தாங்காது என்பதால் ஹோல்டரிலிருந்து முதல் ஓரடிக்கு ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ் போடுங்கள். ஹீட்டரைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. கிளிப் வைத்த டேபிள் லேம்ப் இந்த வேலைக்கு ஆகாது, கிளிப் என்றாவது ஒருநாள் நழுவும்.

தெர்மோஸ்டாட் சென்சாரை ஓட்டின் உயரத்தில், இரண்டு ஹீட்டருக்கும் நடுவில், சுவரோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஆமை இழுத்து அது பெட்டிக்கு வெளியே விழுந்தால் குளிர் என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஹீட்டர் அணையவே அணையாது. தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டாலும் இதே கதி. ஆமையை விடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள்: காலிப் பெட்டியில் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட்டர்களை ஓர் இரவு நேரடியாக ஓடவிட்டு, அதிகபட்சத்தைப் பதியும் தெர்மாமீட்டரில் காலையில் பாருங்கள். 34-க்குள் நின்றால், அப்படிப்பட்ட குளிர் இரவில் தெர்மோஸ்டாட் கோளாறானாலும் ஆமை பிழைக்கும். தாண்டினால் வாட்டைக் குறையுங்கள். 250 வாட் இந்தச் சோதனையில் தேறவே தேறாது.

பகலுக்கு 80 அல்லது 100 வாட் பார்38 ஹாலோஜன் (முன்பக்கம் அகன்ற ரிஃப்ளெக்டர் பல்பு), ஃப்ளட் வகை, ஒரு மூலையில் செங்குத்தாக. ஸ்பாட் வகை ஒரே புள்ளியைச் சுடும். பார்38 என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் எல்இடி எடுத்துக் கொடுப்பார். அதில் சூடே வராது. ஓட்டின் உயரத்தில் 35 முதல் 38 டிகிரி, எதிர்மூலையில் 25 வரும்படி உயரத்தைச் சரிசெய்யுங்கள். ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட்டில் கொடுத்தால் மினுக்கிக்கொண்டே இருக்கும், 12 மணி நேர டைமர் போதும். ஆன்லைனில் வாங்கும்போது 110 வோல்ட் பல்பு வந்துவிடும், பாருங்கள். நம் 230-ல் அது மூன்று மடங்கு அளவுக்குச் சக்தி இழுத்து வெடிக்கும்.

வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரான யுவிபி தனி. டி5 எச்ஓ (மெலிந்த, அதிக வெளிச்சம் தரும்) ட்யூப், யுவிபி 10 அல்லது 12 சதவீதம், இரண்டடி நீளம், ரிஃப்ளெக்டரோடு, ஓட்டிலிருந்து 40-45 செ.மீ. மேலே, ஹாலோஜனுக்குப் பக்கத்திலேயே. உடம்பு சூடாக இருக்கும்போதுதான் தோலில் வைட்டமின் டி3 உருவாகும், அதனால் இரண்டும் ஒரே மூலையில் இருக்க வேண்டும். நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ கூடாது. வலை போட்டால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஓராண்டில் மாற்றுங்கள், வெளிச்சம் அப்படியே இருந்தாலும் யுவிபி குறைந்திருக்கும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் இதற்கு உதவாது.

அடியில் ஈரமான தேங்காய் நார்த்தூள் மூன்று அங்குலம், வைக்கோல் வேண்டாம். சூடும் ஈரமும் சேர்ந்தால் இந்த வயதுக்கு நல்லது. குளிரும் ஈரமும் சேர்ந்தால்தான் மூக்கில் குமிழி, வாய் திறந்து மூச்சு. தரையில் வைக்கும் ஹீட்டிங் மேட், சூட்டுக்கல் எதுவும் வாங்காதீர்கள். வயிற்றுப்பக்கச் சூட்டை ஆமை சரியாக உணராது.

எல்லா இணைப்பும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச்) வழியாக, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பெட்டிக்கு வெளியே சுவரில். ஒயர்கள் பிளக்குக்குக் கீழே ஒரு முறை தொய்ந்து வளைந்து ஏறட்டும், நீர் வழிந்தாலும் பிளக்குக்குள் போகாது.

ஒரு வார்த்தை: இது சல்கேட்டா என்பதால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நம் ஊர் நட்சத்திர ஆமை என்றால், 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

மழையில் சில்வர் ஓக் கிளை லைனில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இன்வெர்ட்டரில் இரவு ஹீட்டரை மட்டும் கொடுங்கள். விடாமல் ஓடினாலும் 8 மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்தான், நல்ல நிலையில் உள்ள 150 ஏஎச் பேட்டரி தாங்கும். அதுவும் இல்லையென்றால் பெட்டியின் சுவிட்சுகளை அணைத்துவிட்டு மேலே கம்பளி போர்த்துங்கள்; கரண்ட் வந்ததும் கம்பளியை எடுத்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். எப்படி இருக்கிறது என்று திறந்து திறந்து பார்க்காதீர்கள். மறுநாள் காலை உடம்பு சூடேறி அதுவாக நடக்கும்வரை தீனி போடவேண்டாம், குளிர்ந்த வயிற்றில் தழை செரிக்காது.