வாசகர் கேள்வி: மஞ்சள் ஓட்டுக் கோயில்

பெய்ஜிங்கின் லாமா கோயில் முதலில் அரண்மனையாமே? (கீழக்கரை வாசகர்)

ஆமாம். 1694-இல் காங்ஷி பேரரசரின் நான்காம் மகனுக்குக் கட்டிய மாளிகை அது. அவர்தான் பின்னாளில் யோங்செங் பேரரசர். 1735-இல் அவர் இறந்தபோது சவப்பெட்டியை இங்கே வைத்தார்கள். அதற்காகவே பச்சை ஓட்டைப் பிரித்து, பேரரசருக்கு மட்டுமே உரிய மஞ்சள் ஓடு வேய்ந்தார்கள். மகன் சியென்லுங் 1744-இல் அதைத் திபெத்திய பௌத்த மடமாக்கினார். பக்தி பாதி, அரசியல் பாதி. மங்கோலியரை அமைதியாக வைத்திருக்கவே திபெத்திய பௌத்தத்தின் மஞ்சள் தொப்பிப் பிரிவை ஆதரிப்பதாக 1792-இல் அவரே நான்கு மொழிகளில் கல்லில் வெட்டி வைத்தார்.

ஆணியே இல்லாமல் கூரை நிற்கிறதாமே? நான் தச்சன். (பாம்பன் வாசகர்)

ஓட்டைத் தாங்கும் கைமரத்துக்கு ஆணி உண்டு. ஆணி இல்லாதது தூண் தலையில்தான். தூண் தலையில் உத்தரத்தைத் தாங்குவது போதிகை. இராமேசுவரம் பிரகாரத்துப் போதிகை கல்லில் செய்தது. சீனத்தில் 'தௌகோங்' எனப்படும் போதிகையோ பல மரத்துண்டுகளின் கோப்பு. அடிக்கட்டையில் குறுக்கும் நெடுக்குமாகக் காடி வெட்டி, கைபோல் நீளும் இரண்டு மரத்துண்டுகளை அதில் இறக்குவார்கள். கைநுனிகளில் சிறு கட்டைகள், அவற்றின்மேல் அடுத்த வரிசைக் கைகள். வரிசைக்கு வரிசை வெளியே நீளும். அதனால் கூரை விளிம்பான இறவாரம் தள்ளி விழும், மழை தூணடியை நனைக்காது. நிலம் குலுங்கினால் மூட்டுகள் உரசி அசைந்து அதிர்வைத் தின்றுவிடும். தூணும் கல்மேல் சும்மாதான் உட்கார்ந்திருக்கும், புதைத்திருக்காது. பாரம் தாங்குவது தூண்களே. சுவர் விழுந்தாலும் வீடு விழாது என்பது அவர்கள் சொலவடை.

கெடுவது பெரும்பாலும் தூணின் அடிதான், அதிலும் சுவருக்குள் மறைந்த தூண். காற்றுப் படாமல் ஈரம் தங்கி உளுக்கும். அதற்காகத் தூணடிக்கு நேரே சுவரில் துளையிட்ட செங்கல் வைப்பார்கள். அப்படியும் உளுத்தால் அந்த அடியை மட்டும் அறுத்துவிட்டு, புது மரத்தைப் பாதிக்குப் பாதி வெட்டிப் பொருத்தி இரும்புப் பட்டை போடுவார்கள். முழுத்தூணையும் மாற்றுவது கடைசி வழி.

அங்குள்ள மைத்ரேயர் (வருங்காலப் புத்தர்) சிலை ஒரே சந்தன மரமா? (தேவிபட்டினம் வாசகர்)

ஒரே அடிமரம் என்பார்கள். மொத்தம் 26 மீட்டர். 18 மேலே, 8 மண்ணுக்குள். 7-ஆம் தலாய் லாமாவின் காணிக்கை. ஆனால் நம் சந்தன மரம் 10 மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். சீனத்தில் 'தான்' என்பது பல வைரமரங்களுக்குப் பொதுப்பெயர். நம் செம்மரமும் அவர்களுக்கு ஒரு வகைத் 'தான்' தான்.