ஓடை முகத்தில் கூடிய மீன்கள்

அன்புள்ள ஐயா,

ட்ரௌட் என்னும் குளிர்நீர் மீனைத் தூண்டிலில் பிடிக்க ஜூன் மாதம் உகந்தது என்று நீங்கள் எழுதியிருந்ததை நம்பி, சென்ற சனிக்கிழமை நண்பரோடு நியூயார்க் மாநிலத்து ராஸ்கோ போய் பீவர்கில் ஆற்றில் இறங்கினேன். நல்ல வெயில், பளிங்குபோல் தண்ணீர். ஒரு சிற்றோடை வந்து சேரும் இடத்தில் இருபது மீன்களாவது நெருக்கியடித்து நின்றன. பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரை, தூண்டில் நூலில் இரைபோலக் கட்டுவதற்குக் கடையில் வாங்கிய பன்னிரண்டு செயற்கைப் பூச்சிகளையும் மாற்றி மாற்றி வீசினேன். ஒரு மீன்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. எந்தப் பூச்சியைக் கட்டியிருக்க வேண்டும்?

கு.,
எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள கு.,

எதையும் கட்டியிருக்கக் கூடாது. அந்த இடத்தில் தூண்டிலையே வீசியிருக்கக் கூடாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், தவறில் எனக்கும் பங்குண்டு. எந்த ஆறு, எந்த நேரம் என்று சொல்லாமல் பொத்தாம்பொதுவாக ‘ஜூன்’ என்று எழுதிவிட்டேன்.

நீங்கள் பார்த்த மீன்கள் இரைக்காக அங்கே நிற்கவில்லை. ஓடை கொண்டுவரும் குளிர்ந்த நீரில் ஒதுங்கியிருந்தன. பீவர்கில்லுக்கு மேலே பெரிய அணை எதுவும் இல்லை. கேட்ஸ்கில் மலையின் மழையும் பனியும் ஊற்றும்தான் அதன் வரவு. மே மாதத்தில் நிறைந்து ஓடுகிற ஆறு, மழை தவறினால் ஜூன் பாதியிலேயே மெலிந்துவிடும். அகன்ற படுகை பகலெல்லாம் வெயில் வாங்கும். 10 டிகிரி செல்சியஸ் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். 20 டிகிரியில் அது 9 ஆகக் குறைந்துவிடும். மீனுக்கோ சூடு ஏற ஏறக் கூடுதல் ஆக்ஸிஜன் வேண்டும். அந்த நிலையில் ஒரு ட்ரௌட்டை முள்ளில் மாட்டி, போராடவிட்டு, பிறகு பெருந்தன்மையாக ஆற்றிலேயே விட்டால், நம் கண்முன் நீந்திப் போய்விட்டு, பிறகு ஏதாவது ஒரு கல்லடியில் செத்துப்போகலாம். உங்கள் பன்னிரண்டு பூச்சிகளும் தோற்றது நல்லதாகப் போயிற்று.

அடுத்த முறை முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். கயிற்றில் கட்டி இரண்டு நிமிடம் தண்ணீரில் அமிழ்த்துங்கள். 68 ஃபாரன்ஹீட், அதாவது 20 செல்சியஸைத் தொட்டிருந்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். இந்த விதிக்கு நான் விலக்குத் தேடுவதில்லை. ராஸ்கோவில் காபி குடித்த பகல்கள் எனக்கு நிறையவே உண்டு.

ஆனால் அன்றே, காரில் ஒரு மணி நேரத்துக்குள், ஹேன்காக் பக்கம் போயிருந்தால் கால் விறைக்கும் தண்ணீரில் நின்றிருப்பீர்கள். அங்கே ஓடும் டெலவேர் ஆற்றின் மேற்குக் கிளைக்கு மேலே கேனன்ஸ்வில் நீர்த்தேக்கம் இருக்கிறது. நியூயார்க் நகரத்தின் குடிநீருக்காகக் கட்டியது. அணையின் அடிமட்டத்திலிருந்து திறந்துவிடும் நீர் கோடையிலும் குளிர்ந்தே வரும். வேடிக்கை என்னவென்றால், இதற்குப் பின்னால் ஒரு நதிநீர் வழக்கு இருக்கிறது. 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, நகரம் மேலே எடுத்துக்கொள்ளும் நீருக்கு ஈடாக, கீழே மான்டேக் என்ற இடத்தில் நொடிக்கு 1,750 கன அடி ஓடும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். காவிரிச் செய்தி படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை பொய்த்து மான்டேக்கில் நீர் குறைந்தால் மேலே மதகு கூடுதலாகத் திறக்கும். ஆகவே பீவர்கில் காய்கிற நாளில் மேற்குக் கிளை நிறைந்து ஓடக்கூடும்.

அங்கேயும் உச்சி வெயிலில் போகாதீர்கள். பிற்பகலில் இறங்குங்கள். வெப்பமான நாளில் ஆற்றின் மேல் முழங்கால் உயரத்துக்கு மூடுபனி படர்ந்திருக்கும். சல்ஃபர் என்று அங்குள்ளவர்கள் சொல்லும் வெளிர் மஞ்சள் மேஃப்ளை, நீரில் வளர்ந்து சிறகு முளைத்து வெளிவரும் பூச்சி, எழத் தொடங்கும். அரிசி நீளத்துக்கு உடல், மங்கிய சிறகு. அது சிறகு முளைத்த பிறகும் இன்னொரு முறை தோலுரிக்கும். மேஃப்ளை இனத்தைத் தவிர வேறெந்தப் பூச்சிக்கும் இந்த வழக்கமில்லை. இரவு கார்க் கண்ணாடியில் வந்து ஒட்டியதைக் காலையில் பாருங்கள். வெறும் சட்டை மட்டும் இருக்கும். உள்ளே இருந்தது, தெளிந்த சிறகோடு, இணைசேரப் போயிருக்கும். அதற்கு இனித் தின்ன வாய் கிடையாது. முட்டையிட்டதும், இருட்டுகிற வேளையில், சிறகு விரிந்தபடி நீரில் விழும். நம் ஊர் ஈசலைப் போல ஒரே மாலைக்கான கூட்டம்.

அப்போது ட்ரௌட் துள்ளுவதில்லை. மூக்கை மட்டும் நீட்டி உறிஞ்சும், காசளவு ஒரு வட்டம் தெரியும், அவ்வளவுதான். ஓட்டம் வரும் பக்கமாக அந்த வட்டத்துக்கு நாலடி முன்னால் உங்கள் பூச்சி விழ வேண்டும், ஓட்டத்தின் போக்கிலேயே மிதந்து வர வேண்டும். நடுவில் வேகமாக ஓடும் நீர் நூலைப் பிடித்து இழுத்தால், பூச்சி கோடு கிழித்தபடி நகரும். அதை ஒரு முறை பார்த்த மீன் அன்று அந்த இடத்தில் மேலே வராது. நூலைக் கொஞ்சம் தளர்வாக விழவிடுங்கள், மீதியைக் கை தானே கற்றுக்கொள்ளும்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அந்தப் பன்னிரண்டில் இரண்டு போதும். பிற்பகலுக்கு வெளிர் மஞ்சளில் ஒன்று, இருட்டுகிற நேரத்துக்குச் சிறகு படுத்த செம்பழுப்பில் ஒன்று. டார்ச் விளக்கை மறந்துவிடாதீர்கள். அந்தச் செம்பழுப்புப் பூச்சியின் முள்ளிலுள்ள சிறு துளையில் மங்கிய வெளிச்சத்தில் நூல் கோர்க்க முடியாமல் நான் பலமுறை திண்டாடியிருக்கிறேன்.