காரநீர் இயந்திரம் வாங்கினால் மாத்திரையைக் குறைக்கலாமா?

கேள்வி: எங்கள் அப்பாவுக்கு அறுபத்து நான்கு வயது. நீண்ட காலமாக நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. சென்ற மாதம் கிளினிக்கில் இரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) சற்றுக் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். அயல் வீட்டில் நடந்த செயல்விளக்கம் ஒன்றில், குடிநீரைக் காரத்தன்மையாக்கும் இயந்திரத்தைக் காட்டி, அந்த நீரை மூன்று மாதம் குடித்தால் மாத்திரைகளைக் குறைத்துவிடலாம் என்றார்கள். விலை மூன்று இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய். ஐம்பதாயிரத்தை முற்பணமாகக் கொடுத்துவிட்டோம். மீதியைக் கட்டலாமா?
(கல்லடியிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கட்ட வேண்டாம். அதைவிட அவசரமான விடயம் ஒன்று உண்டு: அப்பா இதற்குள் மாத்திரை எதையாவது குறைத்திருந்தால், கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இந்த நீரைக் குடிப்பதால் நேரடியாகத் தீங்கு வருவது அரிது. ஆனால் நீரை நம்பி மருந்தைக் கைவிட்டவரின் சீனியும் பிரஷரும் சத்தமில்லாமல் ஏறி, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் சிறுநீரகத்தை மேலும் பழுதாக்கும்.

நீங்கள் பார்த்த செயல்விளக்கத்தை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது, ஏனெனில் இவ்வியாபாரத்தில் பெரும்பாலும் இரண்டு வித்தைகளே காட்டப்படுகின்றன. முதலாவதில் சாதாரண நீரிலும் இயந்திர நீரிலும் சில துளி சாயத்தை விடுவார்கள்; ஒன்று மஞ்சளாகவோ பச்சையாகவோ இருக்க, மற்றது நீலமாக மாறும். அந்தச் சாயம் காட்டுவது நீரின் பீஎச் அளவை, அதாவது அது அமிலமா காரமா என்பதை, மாத்திரமே. சமையலறையிலுள்ள அப்பச்சோடாவைச் சிறிது கரைத்தாலும் நிறம் நீலத்தை நோக்கித்தான் போகும். இரண்டாவதில் உலோகக் கம்பிகளை நீரில் இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். கிணற்று நீர் கலங்கிப் பழுப்பாகும், வடிகட்டிய நீர் தெளிவாகவே நிற்கும். "இவ்வளவு அழுக்கையா இத்தனை நாளும் குடித்தோம்" என்று பார்ப்பவர்கள் மலைத்துப்போவார்கள். அந்தப் பழுப்பு, கம்பியிலுள்ள இரும்பு கரைந்து வருவதாகும். இயல்பான உப்புகள் உள்ள நீர் மின்சாரத்தைக் கடத்துவதால் இரும்பு கரைகிறது. உப்பு நீக்கிய நீர் அநேகமாகக் கடத்தாது. அந்தத் தெளிந்த நீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு இன்னொரு தடவை செய்துகாட்டுங்கள் என்று யாராவது கேட்டிருந்தால், அன்றைய விற்பனை அத்தோடு முடிந்திருக்கும்.

உடலுக்குள் என்ன நடக்கிறதென்று பார்த்தால், குடிக்கும் நீரின் பீஎச் ஒன்பதாக இருந்தாலும், அது போய்ச் சேரும் இரைப்பையின் அமிலம் அதை உடனே சமன்செய்துவிடும். இரத்தத்தின் பீஎச் 7.35க்கும் 7.45க்கும் இடையில் இருக்குமாறு நுரையீரலும் சிறுநீரகமும் ஓயாமல் பார்த்துக்கொள்கின்றன; ஒரு குவளை நீர் அதை மாற்றுவதில்லை. காரநீரையும் புற்றுநோயையும் பற்றி வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்து, 2016இல் பீஎம்ஜே ஓப்பன் மருத்துவ ஆய்விதழில் வெளியான கட்டுரை, அந்நீரை நோய்க்குப் பரிந்துரைக்க ஆதாரம் இல்லை என்றே கண்டது. நீரிழிவுக்கான மாத்திரையை இந்நீர் ஈடுசெய்யும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. சீனி போட்ட தேநீரையும் சோடாவையும் விட்டுவிட்டு வெறும் நீர் குடிப்பவருக்குச் சீனி குறையலாம். அந்தப் பலனைக் கிணற்று நீரும் தரும்.

விற்பனையாளர் சொல்லக்கூடிய ஒரு வாதத்தில் மாத்திரம் பாதி உண்மை இருக்கிறது. சிறுநீரக நோயாளர் சிலருக்கு இரத்தத்தில் அமிலம் மிகும்போது மருத்துவர்களே சோடியம் பைகாபனேற் மாத்திரை கொடுப்பதுண்டு. அது இரத்தப் பரிசோதனை செய்து, அளவு பார்த்துக் கொடுக்கப்படும் மருந்து. நீரின் பீஎச் உயர்ந்திருப்பதால் அதில் காரம் நிறைய இருக்கிறதென்று பொருளாகாது. மிகச் சொற்பமான காரமே அந்த எண்ணை உயர்த்தப் போதும்.

எங்கள் கிழக்குப் பகுதியில் இவ்வியாபாரம் எடுபடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டிப் பக்கம், காரணம் முடிவாக நிறுவப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவியிருப்பதை எல்லோரும் அறிவர். அத்தகைய பிரதேசங்களில் உப்பும் உலோகமும் நீக்கிய நீர் முன்னெச்சரிக்கையாக வழங்கப்படுகிறது. நல்ல நீரால் நோய் வராமல் காக்க முயல்வதும், வந்த நோயை நீரால் மாற்றலாம் என்று விற்பதும் ஒன்றாகா.

முதலில் உங்கள் கிணற்றை அறிந்துகொள்ளுங்கள். கல்லடி போன்ற, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே இருப்பதால், கிருமியும் நைத்திரேற்று என்ற உப்பும் நீரில் கலப்பதற்கு வாய்ப்பு அதிகம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது; உலக சுகாதார நிறுவனம் அதற்கு விதித்த வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு நீர் மாதிரியைப் பரிசோதிக்கலாம். உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்து வழங்கும் குழாய் இணைப்பு வீட்டில் இருந்தால் அதுவே போதும். குளோரின் மணம் பிடிக்காவிட்டால் திறந்த பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்துக் குடியுங்கள்.

முற்பணத்தைப் பொறுத்தவரை, பற்றுச்சீட்டையும் துண்டுப்பிரசுரத்தையும் பத்திரப்படுத்துங்கள்; நோய் குறையும் என்ற வாக்குறுதி தொலைபேசிச் செய்தியாக வந்திருந்தால் அழிக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகள் தவறாக வழிநடத்தும் விற்பனையையும் பொய்யான கூற்றுகளையும் தடைசெய்கின்றன. பணத்தைத் திருப்பித் தருமாறு முதலில் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தாமதிக்காமல் அந்த அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடுங்கள். இன்னும் இருவரைச் சேர்த்துவிட்டால் விலை குறையும் என்று சொல்லியிருந்தால் அதையும் முறைப்பாட்டில் எழுதுங்கள்.

கேள்வி: வாப்பாவுக்கு டயலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது) நடக்கிறது. வைத்தியசாலையில் அதற்கு விசேடமாகச் சுத்திகரித்த நீரைப் பாவிக்கிறார்கள். அப்படியானால் அவர் குடிப்பதற்கும் அந்த நீர்தானே நல்லது?
(அக்கரைப்பற்றிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: டயலிசிஸின்போது ஒரே தடவையில் ஏறத்தாழ 120 லீற்றர் நீர், மெல்லிய சவ்வுக்கு மறுபுறம் அவருடைய இரத்தத்தோடு நெருங்கி ஓடுகிறது. இடையில் குடலும் இல்லை, வேலை செய்யும் சிறுநீரகமும் இல்லை. ஆகவே அந்நீருக்கு அத்தனை சுத்தம் வேண்டும். குடிப்பதற்குக் கிருமியற்ற சாதாரண நீரே போதும். வாப்பாவின் விடயத்தில் எந்த நீர் என்பதைவிட எவ்வளவு நீர் என்பதே முக்கியம்: நாளொன்றுக்கு எத்தனை மில்லிலீற்றர் குடிக்கலாம் என்று டயலிசிஸ் பிரிவில் கேட்டு, காலையிலேயே அந்த அளவை ஒரு போத்தலில் ஊற்றி வையுங்கள். தேநீரும் கஞ்சியும் சொதியும் அந்தக் கணக்கில் சேரும். கனிமம் சேர்த்த நீர் எதையாவது வாங்கியிருந்தால், அதில் பொட்டாசியம் இருக்கிறதா என்று லேபிளைப் பார்த்து, மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.