மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் புயல், வெள்ளத்தின்போது என்னதான் செய்கிறது?

ஆபத்துக் காலத்தில் மாவட்டத்தின் எல்லாத் துறைகளையும் ஒரே திட்டத்தில் இயங்க வைக்கும் அமைப்பு இது. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி அமைக்கப்பட்டது. தலைவர், மாவட்ட ஆட்சியர்.

சரி, தீயணைப்பு, போலீஸ், மின்வாரியம் எல்லாம் ஏற்கெனவே இருக்க, இது எதற்கு? புயலில் மரம் சாய்ந்து, அறுந்த மின்கம்பியோடு சாலையில் கிடக்கிறது என்று வையுங்கள். மின்வாரியம் லைனை நிறுத்தினோம் என்று சொல்லாமல் தீயணைப்பு வீரர் மரத்தில் ரம்பம் வைக்க முடியாது. மரம் அகலாமல் ஆம்புலன்ஸ் போகாது. யார் முதலில், யார் அடுத்து என்பதை ஒருவர் சொல்லியாக வேண்டும். கல்யாண வீட்டில் சமையல்காரர், பந்தல்காரர், பந்தி பரிமாறுபவர் எல்லோரும் இருந்தும், சாவிக்கொத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெரியப்பா தேவைப்படுகிறாரே, அதுபோல.

உண்மையில் பாதி வேலை மழைக்கு முன்பே நடக்கிறது. தாழ்வான தெருக்களைக் கணக்கெடுப்பது, முகாமுக்குப் பள்ளிக்கூடங்களைத் தயார் செய்வது, படகும் ஜேசிபியும் யாரிடம் உண்டு என்று பட்டியலிடுவது. ஏரி திறக்கப்படும் தகவல் கிராம நிர்வாக அலுவலர் வழியாகக் கரையோர வீடுகளுக்குப் போகும். தமிழ்நாட்டில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் பேசலாம்.

படகில் வந்து மீட்பவர்கள்தான் இந்த ஆணையம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தேசியப் பேரிடர் மீட்புப் படை. அரக்கோணத்தில் அதன் முகாம் இருக்கிறது. ஆணையத்திடம் சொந்தப் படை கிடையாது.