மலக்குடல் கட்டி: அதை மட்டும் எடுத்தால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 58. மலத்தில் ரத்தம் வந்ததால் கொலோனோஸ்கோபி செய்தார்கள். ஆசனவாயிலிருந்து 5 செ.மீ. உள்ளே 2 செ.மீ. அளவில் கட்டி. பயாப்ஸியில் புற்று என்று வந்துவிட்டது. மிக ஆரம்ப நிலை, டி1 ஆக இருக்கலாம் என்கிறார்கள். ஒரு மருத்துவர் ஆசனவாய் வழியாகக் கட்டியை மட்டும் எடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் மலக்குடலையே எடுக்கச் சொல்கிறார். வயிற்றில் மலம் சேரும் பை வைத்துக்கொண்டு வாழ வேண்டுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. முதலாமவர் கட்டியைப் பார்க்கிறார். இரண்டாமவர் அதைச் சுற்றியுள்ள, புற்று பரவக்கூடிய நிணநீர் முடிச்சுகளை நினைக்கிறார்.

டி1 என்றால் புற்று குடலின் உள்பக்கச் சளிச்சவ்வைத் தாண்டி அதன் அடிப்படலம் வரை போயிருக்கிறது, தசையைத் தொடவில்லை என்று பொருள். அந்த அடிப்படலத்தில் எவ்வளவு ஆழம் என்பதுதான் விஷயம். மேலோட்டமாக இருந்தால் முடிச்சுகளுக்குப் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆழம் கூடக் கூட அது பல மடங்கு ஏறும். எம்.ஆர்.ஐ., ஆசனவாய் வழி அல்ட்ராசவுண்ட் இரண்டும் அவசியம்தான்; ஆனாலும் மில்லிமீட்டர் கணக்கை அவற்றால் உறுதியாகச் சொல்ல முடியாது.

அதனால் ஸ்கேனில் முடிச்சுகள் சுத்தமாகத் தெரிந்தால், உங்கள் அளவுக் கட்டியை முதலில் ஆசனவாய் வழியாக எடுப்பதே என் விருப்பம். எண்டோஸ்கோபியில் அடிப்படலத்தோடு சீவி எடுக்கும் இ.எஸ்.டி. ஒரு வழி. குடல் சுவரின் முழுக் கனத்தையும் வெட்டியெடுக்கும் டாமிஸ் இன்னொன்று. எதுவானாலும் கட்டி ஒரே துண்டாக வர வேண்டும். துண்டு துண்டாக எடுத்தால் ஆழத்தையும் ஓரத்தையும் யாராலும் சரியாக அளக்க முடியாது. இந்த அறுவை பாதி சிகிச்சை, பாதி பரிசோதனை.

அப்புறம், எடுத்த கட்டியை நுண்ணோக்கியில் பார்த்துத் தரும் நோயியல் அறிக்கை வரும். ஆழம் 1 மி.மீ.க்குள், வெட்டிய ஓரத்தில் புற்று இல்லை, ரத்த, நிணநீர்க் குழாய்களில் புற்றணு இல்லை, செல்கள் மோசமான வகை அல்ல, கட்டியின் விளிம்பில் புற்றணுக்கள் சிதறிக் கிடக்கவில்லை என்றிருந்தால் அதோடு சிகிச்சை முடிந்தது, கண்காணிப்பு மட்டும். முதல் சில வருடங்கள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை எண்டோஸ்கோபியும் எம்.ஆர்.ஐ.யும் எடுக்க வேண்டியிருக்கும். இதற்கு வராமல் விட்டுவிடுவீர்கள் என்றால் இந்த வழியே வேண்டாம்.

அறிக்கை மோசமாக இருந்தால் இரண்டாமவர் சொன்ன அறுவைக்குப் போக வேண்டும். மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு, முடிச்சுகளோடு சேர்த்து எடுப்பார்கள். கட்டி இருக்கும் உயரத்தைப் பார்த்தால் பெரும்பாலும் குடலை மறுபடி இணைத்துவிடலாம். பை சில மாதங்களுக்குத்தான். ஆனால் அடிக்கடி மலம் கழிப்பது, அடக்க முடியாமை போன்ற தொல்லைகள் பலருக்கு நீடிக்கும். அதனால்தான் தேவையில்லாமல் அதைச் செய்யத் தயங்குகிறோம். பெரிய அறுவையை உடல் தாங்காதவர்களுக்குக் கதிர்வீச்சும் கீமோவும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. ஸ்கேன் எல்லாம் கட்டியை எடுப்பதற்கு முன்பே முடியட்டும். பிறகு எடுத்தால் அறுவைப் புண்ணின் வீக்கம் படத்தைக் குழப்பும். அதே இடத்தில் திரும்பத் திரும்ப பயாப்ஸி எடுக்கவும் விடாதீர்கள். தழும்பு விழுந்தால் ஒரே துண்டாக எடுப்பது சிரமமாகிவிடும்.