ஒரே குறிக்கு இரண்டு வரையறை: ஸ்விஃப்ட் கம்பைலர் ஏன் மறுக்கிறது?

கேள்வி: ஆப்பிளின் ஸ்விஃப்ட் நிரல்மொழியில் கணக்குச் செயலி ஒன்றை எழுதுகிறேன். சில தொகைகள் ஆப்ஷனல் (மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்) என்பதால், <+> என்ற ஆபரேட்டரை (செயற்குறியை) இடப்பக்கம் மட்டும் ஆப்ஷனலாக ஒருமுறையும் வலப்பக்கம் மட்டும் ஆப்ஷனலாக மறுமுறையும் வரையறுத்தேன். இரண்டு சாதாரண எண்களைக் கூட்டினால் ‘ஆம்பிகுவஸ் யூஸ் ஆஃப் ஆபரேட்டர்’ (எந்த வரையறை என்பது தெளிவில்லை) என்று பிழை வருகிறது. என்ன செய்வது?

பதில்: ஆப்ஷனல் கேட்கும் இடத்தில் சாதாரண எண்ணைக் கொடுத்தால், கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) தானாகவே அதை ஆப்ஷனல் உறைக்குள் இட்டுக்கொள்ளும். உங்கள் இரண்டு எண்களுக்கும் இரண்டு வரையறைகளும் பொருந்துகின்றன. எதைத் தேர்ந்தாலும் ஓர் எண்ணை உறையில் இட வேண்டும் என்பதால் இரண்டும் சமமாகி, கம்பைலர் கையை விரித்துவிடுகிறது. இந்தக் காரணத்தை ஒரு வரியில் சொல்லாமல், பொருந்தும் வரையறைகளை மட்டும் வரிசையாகக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் பிழைச்செய்தியை, 2014இல் வெளியான மொழி இன்னும் திருத்தாதது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

இரண்டு வரையறைகளையும் நீக்கிவிட்டு, இருபக்கமும் ஆப்ஷனலாக உள்ள ஒன்றை மட்டும் எழுதுங்கள்; எந்தச் சேர்க்கையும் அதிலேயே அடங்கும். அப்போது விடை எப்போதும் ஆப்ஷனலாகவே வரும். சாதாரண எண்களுக்குச் சாதாரண விடையே வேண்டுமானால், ஆப்ஷனலே இல்லாத இன்னொரு வரையறையைச் சேருங்கள். அதற்கு உறையே தேவையில்லாததால் கம்பைலர் தயங்காமல் அதை எடுத்துக்கொள்ளும்.

ஆப்ஷனல் பிழை எதுவானாலும் ‘!’ (உறையை வலுக்கட்டாயமாகத் திறக்கும் குறி) போட்டால் தீர்ந்தது என்று கற்றுத்தரும் குறுக்குவழி ஆசான்களை நம்பாதீர்கள்; பிழை திரையிலிருந்து மறையும், தொகை இல்லாத நாளில் செயலி பயனரின் கையிலேயே நின்றுபோகும். ஆயத்த ஆபரேட்டர் தொகுப்புகளை இணைக்கச் சொல்பவர்களிடமும் அதே எச்சரிக்கை வேண்டும். இரண்டு தொகுப்புகள் ஒரே குறியை ஒரே வகைகளுக்கு வரையறுத்திருந்தால் இதே பிழை திரும்பும். சாதாரண ஃபங்ஷனுக்குச் செய்வதுபோல் மாட்யூல் (தொகுப்பு) பெயரையும் புள்ளியையும் முன்னால் இட்டு ஆபரேட்டரைப் பிரித்துக்காட்டவும் வழியில்லை. 2016இல் ஸ்விஃப்ட் 3 ஆப்ஷனல்களை ஒப்பிடும் < குறியை நீக்கியபோது, ஆப்பிளின் நிரலெழுதும் மென்பொருளான எக்ஸ்கோடில் பழைய நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றும் கருவியே தேவைப்பட்ட கோப்புகளில் அதன் நகலை ஒட்டிவைத்தது. பழைய நிரலிலிருந்து அந்த நகலை எடுத்துவந்து, கோப்புக்குள் அடங்கியிருந்ததைச் செயலி முழுமைக்கும் பொதுவாக்கிக் குழம்புபவர்கள் பலர்.

ஒரு விலக்கு உண்டு. நாளை டபுள் (தசம எண்) வகைக்கும் இதே குறியை இதே முறையில் வரையறுத்தால், இருபக்கமும் ‘நில்’ (nil, அதாவது மதிப்பில்லை) எழுதிச் சோதிக்கும் வரியில் கம்பைலர் உண்மையாகவே நின்றுவிடும். நில்லுக்கென்று சொந்த வகை கிடையாது. அது இன்ட்டின் (முழு எண் வகையின்) நில்லா, டபுளின் நில்லா என்பதைப் பக்கத்திலிருக்கும் மதிப்பைப் பார்த்துத்தான் அறிய வேண்டும், பக்கத்திலும் நில்லே இருந்தால் அதற்கு வழியில்லை. ஒரு பக்கத்தில் மட்டும் ‘நில் ஆஸ் இன்ட்?’ (nil as Int?) என்று வகையைக் குறித்துவிட்டால் போதும். மறுபக்கத்தைக் கம்பைலர் தானே ஊகித்துக்கொள்ளும்.